வரும் என்று சொன்னவர்

தண்ணீர் வருமா என்று கேட்டு, வராது என்ற பதிலை அவரிடம் வாங்கியவர் ஆரணியில் ஒருவர்கூட இருந்ததில்லை. "வரும்" என்பார். கேள்வி முடிவதற்கு முன்பே சொல்லிவிடுவார். கேட்டது வயதானவரா, பள்ளிப் பிள்ளையா, சண்டைக்கு வந்தவரா என்றெல்லாம் பார்ப்பதில்லை. எல்லாருக்கும் ஒரே குரலில் ஒரே சொல்.

தண்ணீரோடு அது நிற்கவும் இல்லை. மழை வருமா, தறிக்கு வரவேண்டிய ஜரிகை இந்த வாரம் வருமா, கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போன மருமகள் திரும்பி வருவாளா என்று வழியில் நிறுத்திக் கேட்பார்கள். பாதி விளையாட்டுக்கு, பாதி நிஜமாகவே. அவர் எதையும் விளையாட்டாக எடுத்துக்கொள்ள மாட்டார். சைக்கிளில் இருந்து ஒரு காலை ஊன்றி, கேட்டவர் முகத்தைப் பார்த்து, வரும் என்று சொல்லிவிட்டுத்தான் நகர்வார்.

ஒருமுறை பஸ் நிலையத்தில், வெம்பாக்கம் போகவேண்டிய பெரியவர் ஒருவர் பஸ் வருமா என்று இவரிடம் கேட்டிருக்கிறார். அந்த வழியில் அன்றைக்குக் கடைசி பஸ் போயாகிவிட்டது. இவருக்கு அது தெரியாது. வரும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பெரியவர் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். பொழுது சாய அந்தப் பக்கம் மறுபடி வந்த இவர், பெரியவர் இன்னும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, தன் வீட்டுக்கு அழைத்துப்போய்ச் சோறு போட்டு, பாய் விரித்துப் படுக்கவைத்து, மறுநாள் முதல் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். இந்தக் கதையை ஊர் இரண்டு விதமாகச் சொல்லியது. சிலர் சோறு போட்டதைச் சொன்னார்கள். சிலர் பஸ்ஸைப் பற்றிச் சொன்னார்கள். அந்தப் பெரியவர் தன் ஊருக்குப் போய் எதைச் சொன்னார் என்று யாருக்கும் தெரியாது.

தெருமுனைகளில் தரைக்கு அடியில் இருக்கும் வால்வுகளைத் திறப்பதும் மூடுவதும் அவர் வேலை. அலுவலகத் தாளில் அதற்கு நீளமான ஒரு பெயர் உண்டு. ஊரில் அவர் 'தண்ணி உடறவரு'. அப்போது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். ஒல்லியான உடம்பு, மேல் பித்தான் இல்லாத காக்கிச் சட்டை, மடித்துக் கட்டிய வேட்டி. சைக்கிள் பாரில் நீளவாக்கில் ஓர் இரும்புச் சாவியைக் கட்டியிருப்பார். நிறுத்திவைத்தால் அது என் தோள் உயரம் வரும். அதன் முனை ஹேண்டிலைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் என்பதால், திருப்பங்களில் எதிரே வருபவர்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள்.

அவரை எல்லாரும் கூப்பிட்டார்கள். இந்தச் சாயம் போட்ட நூலைப் பக்கத்துத் தெருவில் கொடுத்துவிடு, அந்த வீட்டில் அளவுகோலை வாங்கி வந்துவிடு, பிள்ளைக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரி வரை ஏற்றிக்கொண்டு போ. எதற்கும் முகம் சுளித்ததில்லை. யாராவது கூப்பிட வசதியாக இருக்கட்டும் என்றே மெதுவாக மிதிக்கிறார் என்று எனக்குத் தோன்றியிருக்கிறது. கூப்பிடும் குரல் கேட்டதும் அவர் முகத்தில் தெரிந்த திருப்தியை, சம்பளம் வாங்கும் நாளில்கூட நான் பார்த்ததில்லை.

நான் பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு, தண்ணீர் வழங்கும் பிரிவில் முதல் வேலையாக அங்கே சேர்ந்திருந்தேன். வரைபடங்கள், அளவுகள், பட்டியல்கள் என் பொறுப்பு. பட்டியல் போடுவது எனக்குச் சிறுவயதிலிருந்தே பிடித்தமான காரியம். எழுதி வரிசைப்படுத்திவிட்டால் எந்தக் குழப்பமும் பாதி தீர்ந்துவிடும் என்று நம்பினேன். இன்றும் பெரும்பாலும் அப்படித்தான் நம்புகிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அடுத்தடுத்து இரண்டு பருவம் மழை பொய்த்தது. கமண்டல நாக நதியில் எப்போதுமே கண்ணுக்குத் தெரியும் தண்ணீர் குறைவு. ஓடுவதெல்லாம் மணலுக்கு அடியில்தான். அந்த மணலில் இறக்கிய கிணறுகளிலிருந்து மோட்டார் வைத்து இழுத்து, மேல்நிலைத் தொட்டியில் ஏற்றி, ஊருக்கு விட்டுக்கொண்டிருந்தோம். அந்தக் கோடையில் அடி மணலும் காய ஆரம்பித்தது. மோட்டார் கொஞ்ச நேரம் ஓடியதும் காற்றை இழுக்கும். நிறுத்திவைத்து, ஊறும்வரை காத்திருந்து, மறுபடி போடவேண்டும். தொட்டி பாதி நிறைந்தாலே பெரிய காரியம்.

இருக்கிற தண்ணீரை எப்படிப் பங்கிடலாம் என்று கணக்கிட்டுத் தரும்படி மேலதிகாரி என்னிடம் சொன்னார். தெருவாரியாகக் குடும்பங்கள், குழாய்களின் விட்டம், தொட்டியிலிருந்து தூரம், ஒவ்வொரு வால்வும் எவ்வளவு நேரம் திறந்திருக்கலாம் என்பது எல்லாவற்றையும் எழுதி, முறைவைத்து ஓர் அட்டவணை தயாரித்தேன். ஒருநாள் விட்டு ஒருநாள் எல்லாத் தெருவுக்கும் கொடுக்கலாம் என்று கணக்கு சொன்னது. தாராளமாக இருக்காது. ஆனால் ஒரு வீடும் விட்டுப்போகாது.

ஆனால் ஒரு தெரு முழுவதுமே விட்டுப்போனது. ரைஸ் மில்லுக்குப் பின்னால் இருந்த தெரு அது. வரைபடத்தில் குழாய்க்கோடு அங்கே போய் முடியும். மில்லின் நெல் களத்திலும் சுற்றியுள்ள கழனிகளிலும் கூலி வேலைக்குப் போகிறவர்கள் அங்கே இருந்தார்கள். மற்றத் தெருக்களில் குழாய் நின்றால், உப்புக் கரித்தாலும் வீட்டுக்கு வீடு கிணறு இருந்தது. மில்லுப் பின்தெருவில் குழாயை விட்டால் வேறு வழி கிடையாது. அட்டவணை நடைமுறைக்கு வந்து இரண்டு வாரம் ஆகியும் அந்தக் குழாயில் ஒழுங்காகத் தண்ணீர் வரவில்லை.

காரணங்களை எழுதி ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்தேன். கசிவு இல்லை. அடைப்பு இல்லை. யாரும் குழாயில் துளை போட்டு மோட்டார் வைக்கவில்லை. கடைசியில் அவர் ஒருவர்தான் மிச்சம்.

ஒரு காலையில் என் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே போனேன். மறைந்து போகவில்லை, சொல்லிவிட்டுத்தான் போனேன். அவருக்கு அது சந்தோஷமாகவே இருந்தது. முதல் வால்வை மூடச் சாவியை இறக்கியபோது ஒரு வீட்டிலிருந்து குரல் வந்தது. மகள் பிரசவம் முடிந்து வந்திருக்கிறாள், வெந்நீருக்கு இன்னும் ஒரு அண்டா வேண்டும். சாவியை வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அடுத்த தெருவில் திவசம். அதற்கடுத்த தெருவில் சாயப் பட்டறை, அலசும் தொட்டி இன்னும் பாதிகூட நிறையவில்லை. அதற்கும் அடுத்ததில் கால் வீங்கிய ஒரு பெண்மணி, வரிசையில் பின்தங்கிவிட்டார். ஒன்றுகூடப் பொய்யான காரணம் இல்லை. எனக்கே மறுக்க வாய் வந்திருக்காது. எல்லாம் முடிந்து மில்லுப் பின்தெருவின் வால்வைத் திறந்தபோது குழாய் இருமியது, கொஞ்சம் துப்பியது, நின்றுவிட்டது. வரிசையில் நின்றவர்களில் யாரோ வருமா என்று கேட்க, வரும் என்றார்.

யாரிடமும் அவர் காலணா வாங்கவில்லை. வாங்கியிருந்தால் என் வேலை சுலபமாக இருந்திருக்கும். மேலே ஒரு குறிப்பு எழுதினால் முடிந்தது.

திரும்பி வரும்போது நான் அவரிடம் பேசினேன். ஒவ்வொரு தெருவிலும் தருகிற கூடுதல் நேரம் எங்கிருந்து வருகிறது என்று தரையில் கோடு போட்டுக் காட்டினேன். அவர் குந்தி உட்கார்ந்து கவனமாகப் பார்த்தார். புரியாமல் இல்லை.

"எப்பிடிம்மா இல்லன்னு சொல்றது? குடத்த வெச்சிகினு எதிர்ல நிக்கறாங்க" என்றார்.

"மில்லுப் பின்தெருவுலயும்தான் அண்ணா நிக்கறாங்க."

"நிக்கறாங்க. ஆனா நான் அங்க போய்ச் சேரறப்ப குடுக்கறதுக்கு என் கையில ஒண்ணும் இருக்காதே" என்றார், அது தனக்கு நேர்ந்த துரதிர்ஷ்டம் போல.

அதற்கு என்ன பதில் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்த வாரத்திலேயே, மில்லுப் பின்தெருப் பெண் ஒருத்தி பதில் சொல்லிவிட்டாள். மில் களத்தில் புழுங்கல் நெல் காயவைக்கும் வேலை அவளுக்கு. முப்பது வயதுக்குள் இருக்கும். அன்று அந்தத் தெருவின் முறை. குழாயில் காற்றுதான் வந்தது. முந்தைய முறை நாளில் இவர் வரும் என்று சொன்னதை நம்பி, குடத்தருகே உச்சிப்பொழுது வரை உட்கார்ந்திருந்ததால் அவள் களத்துக்குப் போகவில்லை. மில் மேஸ்திரி அவள் இடத்தில் வேறு ஆளை இறக்கிவிட்டான். இனி அந்தப் பருவம் முடியும்வரை அவளுக்கு அங்கே நிலையான வேலை இல்லை, யாராவது வராத நாளில்தான்.

அவள் கத்தவில்லை. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே அவர் சைக்கிளின் முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணே, நீ கெட்ட ஆளா இருந்தா ரெண்டு வார்த்த திட்டிட்டு என் வேலையப் பாத்துகினு போயிருப்பேன். நீ நல்லவன். அதான் பேஜாரு. வரும்னு சொன்ன, நானும் நம்பிக் குந்திகினு இருந்தேன். வராதுன்னு சொல்லியிருந்தா களத்துக்குப் போயிருப்பேன் இல்ல?"

"வரும்னுதாம்மா நெனச்சேன்" என்றார்.

"நீ நெனச்சத அடுப்புல வெச்சா வேவுமா?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் என் பக்கம் திரும்பி, இந்த இன்ஜினியரம்மா காகிதத்தில் எங்களுக்கு நாள் தவறாமல் தண்ணீர் விட்டுக்கொண்டுதான் இருக்கிறார், அந்தக் காகிதம் நனைந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கவேண்டும் என்றாள். நான் இன்ஜினியர் இல்லை என்று திருத்துவதற்கு அது நேரமில்லை.

தண்ணீருக்கு அளவு எழுதுகிறோம், அதற்காகக் காத்திருக்கும் பொழுதுக்கு எங்கும் அளவு எழுதுவதில்லை என்பதை அன்றைக்குத்தான் யோசித்தேன். குழாய் வராத நாளில் அந்தத் தெருவில் இல்லாமல் போனது தண்ணீர் மட்டும் அல்ல. மில், கழனி, சமையல் எல்லாமே 'வரும்' என்ற ஒரு சொல்லைக் காவல் காத்துக்கொண்டு நின்றுபோயிருந்தன. அதே சொல்லைத் தொட்டியை ஒட்டிய மேட்டுத் தெருக்களில் சொன்னபோது அது உண்மையாக இருந்தது. தொட்டியிலிருந்து தள்ளிப் போகப் போக அது பொய்யாகிக்கொண்டே வந்தது. சொன்னவர் மாறவில்லை.

அலுவலகத்தில் பேசி முறையைத் திருப்பினோம். மேலே இருந்த வால்வுகளை மூடிவிட்டு, முதல் தண்ணீரை மில்லுப் பின்தெருவுக்கு அனுப்புவது, பிறகு படிப்படியாகத் தொட்டியை நோக்கி வருவது. தொட்டியை ஒட்டிய தெருக்களுக்கு அழுத்தம் எப்படியும் கிடைக்கும் என்பதால் அவை கடைசியில் வாங்கினால் நஷ்டம் குறைவு. இன்னொன்றும் சேர்த்தோம். முறை இல்லாத நாளில் அவர் விடியற்காலையில் மில்லுப் பின்தெருவுக்குப் போய், இன்று தண்ணீர் வராது என்று சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது விஷயம்தான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. முதல் நாள் தெருமுனையில் சைக்கிளை நிறுத்தி, தொண்டையைச் செருமி, "வரும்" என்று ஆரம்பித்தார். வெகுநேரம் கழித்து "நாளைக்கி" என்று முடித்தார். இடையில் இரண்டு பேர் குடம் எடுக்க உள்ளே ஓடிவிட்டார்கள். அதற்காக நன்றாகத் திட்டு வாங்கினார். பிறகு தனக்கு ஏற்ற ஒரு வாக்கியத்தை அவராகவே கண்டுபிடித்துக்கொண்டார். "இன்னிக்கி வேலைக்குப் போங்க" என்பார். அவ்வளவுதான். அதைச் சொல்ல அவரால் முடிந்தது. பெண்கள் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். 'வராது' என்ற சொல் வாயில் வராமலே அதன் வேலையைச் செய்துமுடிக்கும் வித்தை அது.

மற்றத் தெருக்களில் வால்வை மூடும்போது மட்டும் தலையை நிமிர்த்தவே மாட்டார். சாவியை இறக்கி, மளமளவென்று திருகி, யாரும் கூப்பிடுவதற்குள் போய்விடப் பார்ப்பார். ஜல்தி ஜல்தியாக எங்கே ஓடுகிறாய் என்று கேலி செய்தார்கள். அவர் வேகமாகச் சைக்கிள் மிதித்து அதுவரை ஊர் பார்த்ததில்லை.

சுமார் ஒரு மாதம் ஒழுங்காகப் போனது. பிறகு அந்தச் சாயப் பட்டறை விஷயம் நடந்தது.

பட்டறைக்காரர் கனத்த உடம்புக்காரர். மணிக்கட்டு வரை கையில் ஏதாவது ஒரு நிறம் எப்போதும் ஒட்டியிருக்கும். கச்சாப் பட்டு நூலில் இயற்கையாக ஒரு பசை உண்டு. சோப்பும் சோடாவும் போட்ட கொதிநீரில் அதை நீக்கினால்தான் சாயம் ஏறும். அப்படி வேகவைத்த நூலை உடனே நல்ல தண்ணீரில் அலசியாகவேண்டும். அதிக நேரம் கொதிநீரில் கிடந்தால் இழை நைந்துவிடும். அலசாமல் வெளியே எடுத்துப் போட்டால் சோப்பு ஒட்டிக்கொண்டு சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். அவர் வீட்டு முற்றத்தில் கிணறு இருந்தது, அந்த வறட்சியிலும் வற்றவில்லை. ஆனால் உப்புநீர். பாத்திரம் கழுவலாம், துணி துவைக்கலாம், பட்டுக்கு ஆகாது.

முந்தின நாள் பட்டறையைக் கடந்து போகும்போது உள்ளேயிருந்து பட்டறைக்காரர், காலையில் தண்ணீர் வருமா என்று குரல் கொடுத்திருக்கிறார். இவர் வரும் என்றிருக்கிறார். யோசித்துச் சொன்னதில்லை. அத்தனை வருடப் பழக்கம் வாயில் வந்துவிட்டது. மறுநாள் காலை மில்லுப் பின்தெருவின் முறை. பட்டறைத் தெருவுக்கு மதியத்துக்கு மேல்தான். பட்டறைக்காரர் சொல்லை நம்பி விடிந்ததும் அடுப்பை மூட்டி, ஒரு கல்யாணத்துக்கான நூல் முழுவதையும் கொதியில் இறக்கிவிட்டார்.

மில்லுப் பின்தெருவுக்குத் தண்ணீரைத் திருப்ப, பட்டறைத் தெரு வால்வை மூட நாங்கள் அந்த முனைக்கு வந்தபோது, பட்டறைக்காரர் ஈரக் கையோடு ஓடிவந்தார். அரை மணி நேரம் போதும், அலசி எடுத்துவிடுவேன் என்றார். நான் முடியாது என்று சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"யோவ், நீ சொன்னதாலதானய்யா அடுப்ப மூட்டினேன். முகூர்த்தப் பட்டு. கெட்டா என் பொழப்பே போச்சு."

இவர் சாவி வால்வுக்குள் இறங்கியிருந்தது. இரண்டு கையும் அதன் மேல் இருந்தன. திறந்துவைத்தால் மில்லுப் பின்தெருவுக்குக் கொடுத்த வாக்கு போனது. மூடினால் பட்டறைக்காரருக்குக் கொடுத்த வாக்கு. இரண்டுமே இவர் வாயிலிருந்து போனவை. அட்டவணை என்ன சொல்கிறது என்பது எங்கள் மூன்று பேருக்குமே தெரியும்.

அவர் வால்வை மூடினார். கடைசிச் சுற்று வரை திருகினார். பிறகு சைக்கிளைத் திருப்பி நிறுத்தி, கேரியரைத் துண்டால் ஒருமுறை தட்டி, "ஏறுங்க" என்றார்.

பட்டறைக்காரருக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை.

"அது இப்ப அவங்க தண்ணி. நான் எடுத்துக் குடுக்க முடியாது. நீங்களே வந்து கேளுங்க."

பட்டறைக்காரர் என்னையும் மூடிய வால்வையும் பார்த்தார். அடுப்பைத் தணித்துவைக்கச் சொல்லி உள்ளே ஆளிடம் கத்திவிட்டு ஏறி உட்கார்ந்தார். அந்தப் பாரத்தைச் சுமந்துகொண்டு சைக்கிள் கடைத்தெரு வழியாகப் போனது. பட்டு வியாபாரிகள் படியிறங்கி வந்து பார்த்தார்கள். நான் பின்னால் போனேன்.

மில்லுப் பின்தெருக் குழாயில் தண்ணீர் நன்றாகவே கொட்டிக்கொண்டிருந்தது. வரிசையில் கால்வாசிக் குடங்கள்கூட நிறைந்திருக்காது. பட்டறைக்காரர் இறங்கி நின்றார். அந்தத் தெருவுக்குள் அவர் அதற்கு முன் வந்ததில்லை என்பது நின்ற விதத்திலேயே தெரிந்தது. யாரிடம் பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை. பொதுவாகக் காற்றைப் பார்த்து விஷயத்தைச் சொன்னார். சொல்லி முடிக்கும்வரை எல்லாரும் கேட்டார்கள். களத்து வேலையை இழந்த பெண் குழாயடியில் நின்றிருந்தாள். அவள் பட்டறைக்காரருக்குப் பதில் சொல்லாமல் இவரைப் பார்த்தாள்.

"நீ சொல்லுண்ணே. எங்க தண்ணிய இவருக்குக் குடுக்கலாமா, வேணாமா?"

அவர் அதை எதிர்பார்க்கவில்லை. கேட்பதற்காகப் பட்டறைக்காரரைக் கூட்டிவந்ததோடு தன் பாடு முடிந்தது என்று நினைத்திருப்பார். குடங்களின் வரிசையைப் பார்த்தார். வரிசையின் கடைசியில் இருந்தது ஒரு நசுங்கிய எண்ணெய் டின். அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குடுக்க வேணாம்" என்றார்.

குரல் சரியாக எழும்பவில்லை. எல்லாருக்கும் கேட்டிருக்காதோ என்று நினைத்தாரோ என்னவோ, பட்டறைக்காரர் பக்கம் திரும்பி மறுபடியும் சொன்னார். "நான் உங்களுக்கு வரும்னு சொன்னது தப்பு. அதுக்கு இவங்க ஏன் குடுக்கணும்? குடுக்க வேணாம்."

பட்டறைக்காரர் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். அங்கே கொதிநீரில் கிடக்கும் நூலை அவர் நினைத்துக்கொண்டிருப்பது எல்லாருக்கும் தெரிந்தது. வயதான ஒருத்தி அந்தப் பெண்ணின் முழங்கையைத் தொட்டு ஏதோ மெதுவாகச் சொன்னாள். அவள் தலையசைத்தாள். நிறைந்த குடத்தை நகர்த்திவிட்டுக் குழாயைத் தானே மூடினாள்.

"அரை மணி நேரம் எடுத்துக்கங்க. ஆனா இவரு குடுக்கல, நாங்க குடுக்கறோம். நாளையிலேர்ந்து பொழங்கறதுக்கு உங்க கெணத்துல மொண்டுக்கறோம்."

பட்டறைக்காரர் கீழே பார்த்தார். வீட்டுக்குப் பின்னால் ஒரு சந்து இருக்கிறது, அந்த வழியாக வந்து எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

"சந்துல கொடம் இடிக்கும்" என்றாள். "முன்வாசல்லயே வந்துடறோம்."

யாரும் சிரிக்கவில்லை. பட்டறைக்காரருக்கு யோசிக்க அவகாசம் இருந்திருந்தால் வேறு ஏதாவது சொல்லியிருப்பாரோ தெரியாது. சரி என்றார். கேரியரில் அவரே போய் ஏறிக்கொண்டார்.

பட்டு பிழைத்தது. மறுநாள் காலை அந்தப் பெண்ணும் இன்னும் சிலரும் குடங்களோடு முன்வாசல் வழியாகவே போனார்கள். பட்டறைக்காரரின் மனைவி அன்று முழுவதும் சமையல்கட்டை விட்டு வெளியே வரவில்லையாம். அடுத்த வாரம் வந்து, ராட்டினக் கயிறு தேய்ந்திருக்கிறது, பார்த்து இழுங்கள் என்று சொன்னாராம். அதற்கு மேல் அங்கே பெரிதாக ஏதாவது மாறியது என்று நான் எழுதினால் அது மிகை. கோடை முடியும்வரை தண்ணீர் எடுத்தார்கள். அந்தக் கிணற்றுத் தண்ணீரால் குழாய் வரிசை குறைந்தது என்பது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

மாறியது வேறு ஒன்று. கூடுதல் தண்ணீர் கேட்டால் அவர் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய், யாருடைய முறையோ அவர்கள் முன்னால் நிறுத்திவிடுவார் என்ற செய்தி ஒரே நாளில் ஊர் முழுக்கப் பரவியது. வியாபாரிகள் யாரும் அந்தக் கேரியரில் உட்கார விரும்பவில்லை. கேட்பது குறைந்தது. நிஜமாகவே தேவைப்பட்டவர்கள் தாங்களே அடுத்த தெருவுக்குப் போய்ப் பேசிக்கொண்டார்கள். இன்று உனக்கு, நாளை மறுநாள் எனக்கு என்று தெருக்கள் தங்களுக்குள் மாற்றிக்கொண்டன. அவரிடம் முடிவை மட்டும் சொன்னார்கள். அவர் சாவியைத் திருகினார். பாதித் தொட்டித் தண்ணீர் கடைசி வீடு வரை போய்ச் சேர்ந்தது. நான் வேலை பார்த்த வருடங்களில் என் அட்டவணை அதுபோல் ஒழுங்காக ஓடியது அந்தக் கோடையில்தான்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஆற்று மணல் ஊறி, மோட்டார் நிற்காமல் ஓடியது. முறையை எடுத்துவிட்டு எல்லாத் தெருவுக்கும் தினமும் விட ஆரம்பித்தோம். மேலதிகாரி என்னைப் பாராட்டினார். அடுத்த வருடம் எனக்கு வேறு ஊருக்கு மாற்றலாயிற்று. போவதற்கு முன் வால்வுகளின் நிலையைக் குறித்துக்கொள்ள ஒருநாள் அவரோடு கடைசியாகச் சுற்றினேன். எல்லா முனைகளிலும் இறங்கினோம். வாசலில் நின்றவர்கள் பார்த்தார்கள், சிலர் தலையசைத்தார்கள். ஒருவரும் நிறுத்தவில்லை. நூல் கொடுத்தனுப்பவில்லை. மழை வருமா என்றுகூடக் கேட்கவில்லை.

ஒரு முனையில் மூடியைச் சரிசெய்துகொண்டே, "இப்பல்லாம் யாரும் கூப்புடறதில்லம்மா" என்றார்.

அது நல்லதுதானே அண்ணா என்றேன். எப்படியெல்லாம் நல்லது என்று வரிசையாகவும் சொன்னேன். மில்லுப் பின்தெருவில் யாரும் வீணாகக் காத்திருக்கவில்லை. வால்வுகளை நேரத்துக்கு மூடுகிறீர்கள். உங்கள் மேல் ஒரு புகார்கூட இல்லை. அவர் குறுக்கே பேசாமல், நான் முடிக்கும்வரை கேட்டார்.

"நல்லதுதாம்மா" என்றார். "உங்க கணக்குக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது. எனக்குத்தான் தெரு நீளமாத் தெரியுது."